நாலரை கிரவுண்டில் ஒரு கதைப் போட்டி

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு பெண் அவதாரத்துக்குப் பார்க்கும்படியான உடம்பு வாங்க வேண்டுமென்றால் 2,750 லிண்டன் டாலர் எடுத்து வைக்க வேண்டும். அங்கே பெயர் பெற்ற மைத்ரேயா கடையின் ‘லாரா’ உடம்பு பல காலம் விற்ற விலை அது. தலை தனி, தோல் தனி, முடி தனி, செருப்பு தனி. அதே ஊரில் ஒரு குறுங்கதைப் போட்டிக்கு முதல் பரிசு 1,000 லிண்டன் டாலர் என்று போட்டால் அது கௌரவமான தொகைதான். ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்பது நெடுநாளாக இருந்துவரும் மாற்று விகிதம். ஆக உடம்பு 11 டாலர், கதை 4 டாலர்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது ஒரு லிண்டன் டாலர் 34 காசு. முதல் பரிசு 340 ரூபாய்.

சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23 அன்று இந்த உலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நிறுவியவர் பிலிப் ரோஸ்டேல். ஜெயிப்பதற்கோ சுட்டுத் தள்ளுவதற்கோ அங்கே ஒன்றுமில்லை. வீடு, கடல், கடை, கோயில் எல்லாம் வந்தவர்களே கட்டியவை. 2009-ன் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 88,000 பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள், அதுவே உச்சம். பத்தாம் ஆண்டு நிறைவில், 2013-ல், நிறுவனம் கொடுத்த கணக்குப்படி 3.6 கோடிப் பேர் பதிந்திருந்தார்கள். 320 கோடி டாலருக்குப் பொருள்கள் கைமாறியிருந்தன. சட்டை, சோபா, சிறகு, வால் எல்லாம் சேர்த்து.

இலக்கியம் அங்கே சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. கர்ட் வானகட் 2006-ல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக அவதார வடிவில் வந்து பேட்டி கொடுத்தார். ‘சைபர்ஸ்பேஸ்’ என்ற சொல்லை உண்டாக்கிய வில்லியம் கிப்சன் 2007 ஆகஸ்டில் தன் புதிய நாவலிலிருந்து அங்கே வாசித்தார். ஷானகி நூலகம் என்ற குழு 2008-லிருந்து குரல்வழியாகக் கதை வாசித்துவருகிறது. புற்றுநோய் நிதிக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஃபேன்டசி ஃபேர் சந்தையில் இலக்கிய விழாவும் ஓர் அங்கம். இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரங்கள். என் கணக்கு அன்றாடம் நடக்கிற சின்ன வகைக்கு: ஒரு தலைப்பு கொடுப்பது, 500 சொல்லுக்குள் கதை கேட்பது, ஓர் இரவு எல்லோரும் அந்தத் தலைப்புக்கேற்ற வேஷத்தில் கூடி வாசிப்பது, ஓட்டுப் போடுவது, பிறகு ஆடுவது.

மாதிரிக்கு 20 கதை, 40 பேர் கூட்டம், 2 மணி நேரம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆள் எண்ணிக்கையும் பரிசுத் தொகையும் என் அனுமானம். வரம்புகளும் கட்டணங்களும் அந்த உலகத்தினுடையவை.

முதலில் இடம். மாதம் 11.99 டாலர் சந்தா கட்டும் பிரீமியம் உறுப்பினருக்கு 1,024 சதுர மீட்டர் நிலம் தனி வாடகை இல்லாமல் கிடைக்கும். நம் அளவில் 11,022 சதுர அடி, அதாவது நாலரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. கதைப் போட்டிக்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் சதுரமாக எடுத்தால் இந்த நிலம் 32-க்கு 32 மீட்டர். அங்கே தட்டச்சு செய்து ‘பேசினால்’ அது 20 மீட்டர் தொலைவு வரைதான் போய்ச் சேரும்; கிசுகிசுத்தால் 10, கத்தினால் 100. வாசிப்பவர் மேடையை நட்டநடுவில் போட்டாலும் மூலைக்கு 22.6 மீட்டர். நாலு மூலையிலும் நிற்பவர்களுக்குக் கதை வராது; கைதட்டல் ஒலி மட்டும் வரும். மேடையை அழகுக்காக ஓர் ஓரத்தில் போட்டால் எதிர்ச் சுவர் முழுக்கச் செவிடு. கத்து என்ற பொத்தானை அழுத்தி வாசிக்கலாம். அழுத்தினால் பக்கத்து மனைக்காரர் வீட்டு வரவேற்பறையிலும் உங்கள் கதை ஓடும். அவர் அன்றைக்குத் தனிமையை நாடி வந்திருந்தால் புகார் நிச்சயம்.

அடுத்த முட்டுக்கட்டை ஆள் கணக்கு. நிலப்பரப்பு எல்லாம் 256-க்கு 256 மீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கட்டம் 65,536 சதுர மீட்டர், 16 ஏக்கருக்குச் சற்று அதிகம். பொது நிலப்பரப்பில் ஒரு கட்டத்துக்குள் சாதாரணமாக 40 பேர்தான் இருக்க முடியும். கூட்டம் 40 என்று நான் வைத்தது இதனால்தான். அந்தக் கட்டத்தில் உங்கள் நிலம் 64-ல் ஒரு பங்கு. மீதி 63 பங்குகளில் யாராவது நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் விருந்தில் நான்கு இடம் போயிற்று. தனியார் தீவு வாங்கினால் 100 பேர் வரை விடலாம். பெரிய விழாக்காரர்கள் நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் மேடை போட்டு, கூட்டத்தை நான்காகப் பிரித்து நிறுத்துவார்கள். எல்லைக்கோடு மேடைக்குக் குறுக்கே ஓடும், அது யார் கண்ணிலும் படாது.

தனித் தீவின் விலை அந்த உலகத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே காட்டும். 2006 நவம்பரில் முதல் கட்டணம் 1,250 டாலரிலிருந்து 1,675 ஆனது. மாதக் கட்டணம் 195-லிருந்து 295. பத்திரிகை அட்டைகளில் அவதாரங்கள் வலம் வந்த காலம் அது, கேட்டதைக் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் முதல் கட்டணம் 600-லிருந்து 349-க்கு இறங்கியது, மாதக் கட்டணம் 249-க்கு. இதற்கு நடுவே ஒரு விபரீதமும் நடந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இருந்த பாதி விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக 2010 அக்டோபரில் அறிவித்தார்கள். நூலகம், பல்கலைக்கழகம் என்று வந்திருந்தவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். 2013-ல் சலுகை திரும்பி வந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

2018-ன் அந்த 249 டாலரையே வைத்தால் 21,165 ரூபாய். மாதத்துக்கு 720 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 29 ரூபாய் 40 காசு. இரண்டு மணி நேர விருந்துக்கு 59 ரூபாய்தான் நில வாடகை. மீதி 718 மணி நேரம் அந்தத் தீவில் அலை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தை இரண்டு மணி நேரத்துக்கு எடுக்க முடியாமல் மாதம் முழுக்க எடுத்த கதை இது.

ஆகவே சின்னக் குழுக்கள் அந்த நாலரை கிரவுண்டிலேயே காலம் தள்ளுகின்றன. அதில் வைக்கக்கூடிய பொருள்களுக்கும் அளவு உண்டு. பொது நிலத்தில் ஒரு கட்டத்துக்கு 22,500 என்ற ‘லேண்ட் இம்பாக்ட்’ புள்ளி. நம் பங்கு 351. நாற்பது நாற்காலிக்கு ஆளுக்கு 2 புள்ளி போட்டால் 80 போய்விடும். தலைப்பு ‘கடல்’ என்றால் ஒரு கப்பல் வேண்டும், ‘ரயில்’ என்றால் ஒரு பெட்டியாவது வேண்டும். எழுதுகிறவருக்குத் தலைப்பு இலவசம், அதைக் கட்டி நிறுத்துகிறவருக்குத்தான் செலவு.

அந்த உலகத்துக்குள் வெளியிலிருந்து ஒரு படத்தையோ ஒலியையோ அசைவையோ ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் 10 லிண்டன் டாலர் என்பது பழைய விதி. எழுத்துக்குக் கட்டணமே இல்லை. நோட்கார்டு என்ற குறிப்புத் தாளை எத்தனை வேண்டுமானாலும் திறந்து எழுதலாம். இந்த இலவசத்தைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். எழுத்துக்கு எடையே கிடையாது என்பதுதான் காரணம். 500 சொல் ஆங்கிலக் கதை சுமார் 3,000 பைட். ஒரு கவுனின் பூவேலைக்குப் போர்த்தும் 1,024-க்கு 1,024 புள்ளிப் படம், விரித்து வைத்தால் 41,94,304 பைட். ஒரு கவுன் துணியின் நினைவகத்தில் 1,398 கதைகள் உட்காரும். டிஜே விடும் பாட்டு 128 கிலோபிட் வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 115.2 மெகாபைட் போய்ச் சேரும். நாற்பது பேருக்கு 4.6 ஜிகாபைட். அன்று இரவு வாசிக்கப்படும் 20 கதைகளும் சேர்ந்து 60,000 பைட். ஒரு நோட்கார்டின் கொள்ளளவு 65,536 பைட். போட்டி முழுவதும் ஒரே தாளில் அடங்கி, முன்னுரை எழுத 5,536 பைட் மிச்சமும் இருக்கும்.

உடையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டம் கூடினால் கணினி திணறும். வழங்கி (சர்வர்) ஒரு நொடிக்கு 45 முறை உலகத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் 22 மில்லிநொடி கெடு. நாற்பது அவதாரங்களும் கழுத்தணி, கைத்தடி, பறக்கும் வண்ணத்துப்பூச்சி என்று ஸ்கிரிப்ட் ஓடும் சாமான்களோடு வந்தால் கெடு தவறும். நடப்பவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல ஆகிவிடும். பார்ப்பவரின் கணினியும் பாவம். 2016-ல் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: அளவுக்கு மீறி அலங்காரம் செய்தவரை வரைய மறுத்து, ஒரே நிறத்தில் வெறும் உருவக்கோடாகக் காட்டும் ஏற்பாடு. அதற்கு அங்கே ஜெல்லி பொம்மை என்று பெயர். 500 லிண்டன் டாலர் கொடுத்து வாங்கிய விக்டோரியா காலத்து கவுனில் சீமாட்டி படியிறங்கி வருகிறார். எதிரே பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஊதா நிறத்தில் ஒரு களிமண் பொம்மை. அவருக்கு அந்தச் சீமாட்டியின் கதை மட்டும்தான் முழுசாக வருகிறது.

சரி, ஏன் 500 சொல்? இலக்கிய காரணங்கள் நிறையச் சொல்வார்கள். சுருக்கம், செறிவு, சொல்லாமல் விடுவது. எனக்கு அவற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு குறுங்கதை அளவுக்குப் பின்னாலும் ஒரு பாத்திரத்தின் கொள்ளளவு இருக்கிறது. ‘ஃப்ளாஷ் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரைப் பரப்பிய 1992-ம் ஆண்டுத் தொகுப்பில் 72 கதைகள். சுமார் 750 சொல் என்பது அங்கே மேல்வரம்பு. கதை ஒரு சிறு பத்திரிகையின் எதிரெதிர் இரண்டு பக்கங்களுக்குள் அடங்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் மாஸ் 1987-ல் தொடங்கிய 55 சொல் கதைப் போட்டி ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் நடந்தது. அமெரிக்கப் பொது வானொலி 2009-ல் ஆரம்பித்த ‘மூன்று நிமிடக் கதை’ போட்டிக்கு 600 சொல் வரம்பு. மூன்று நிமிடத்தில் 600 என்றால் நிமிடத்துக்கு 200. அவ்வளவு வேகமாக வாசித்தால் செய்தி வாசிப்பவருக்கே மூச்சு வாங்கும். ட்விட்டரின் பழைய 140, குறுஞ்செய்தியின் 160-லிருந்து பெயருக்கு 20 ஒதுக்கியதால் வந்தது. குமுதத்தின் ஒரு பக்கக் கதைக்குப் பெயரே பாத்திரத்தின் பெயர்தான்.

மெய்நிகர் விருந்தில் பாத்திரம் கடிகாரம். இயல்பாக வாசித்தால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் போகலாம். 20 கதை, ஆளுக்கு 500 சொல், மொத்தம் 10,000 சொல், 67 நிமிடம். ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைக்க, மைக் வேலை செய்யவில்லை என்று தவிக்க, கைதட்ட என்று ஆளுக்கு 2 நிமிடம் சேர்த்தால் இன்னும் 40. ஆக 107 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் ஓட்டுக்கும் ஆட்டத்துக்கும் 13 நிமிடம் மிஞ்சுகிறது. வரம்பை 1,000 சொல்லாக ஏற்றினால் வாசிப்பே 133 நிமிடம், எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் நெருங்கிவிடும். அதற்குள் பாதிப் பேர் அவதாரத்தை நிற்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்கள். 300 சொல்லாக இறக்கினால் 80 நிமிடத்தில் முடியும். அமைப்பாளர் ஆடவும் விரும்புகிறவர் என்றால் 300-தான் சரி. 500 என்பது எழுத்தாளருக்கும் டிஜேவுக்கும் நடுவே எட்டிய சமரசம்.

குரல் வசதி 2007-ல்தான் வந்தது. அதற்கு முன் கதைகளைத் தட்டச்சுப் பெட்டியில் துண்டு துண்டாக ஒட்டித்தான் வாசித்தார்கள், இன்றும் குரல் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு துண்டுக்கு 1,023 பைட். ஆங்கிலக் கதை மூன்று துண்டில் முடிந்துவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே வயிற்றில் அடி. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘க’ 3 பைட். ‘கி’, ‘க்’ என்றால் 6. ஒரு துண்டில் 341 குறியீடு கொள்ளும். புள்ளியும் கொம்பும் போக, எழுத்துக் கணக்கில் இருநூறு சில்லறை. சொல்லுக்குச் சராசரி 25 பைட் என்று வைத்தால் 300 சொல் கதை 7,500 பைட், எட்டுத் துண்டு. பெயர்ப் பலகையிலும் இதே தொல்லை. ஒரு பொருளின் பெயர் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் 21 குறியீடு. ‘குறுங்கதைப் போட்டி’ என்று வைப்பதற்குள் 17 போய்விடும், இடைவெளிக்கு ஒரு பைட் தனி. தலைக்கு மேல் மிதக்கும் எழுத்துக்கு 254 பைட், அதாவது 84 குறியீடு.

கதையை ஒரு பெட்டியே வாசிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுவாரும் உண்டு. நோட்கார்டை வரி வரியாக எடுத்து வாசிக்கும் கட்டளை முன்பு ஒரு வரியில் முதல் 255 பைட்டை மட்டும் கொடுக்கும், மீதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இங்கே வரி என்பது எண்டர் தட்டும் வரை. பத்தி பத்தியாக எழுதிப் பழகியவரின் கதையில் ஒவ்வொரு பத்தியும் 255-ஆவது பைட்டில் கழுத்தறுபடும். தமிழ் என்றால் 85-ஆவது குறியீட்டில். சில கதைகள் அப்படி வெட்டுப்பட்டதில் நன்றாகவே இருந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். இப்போது அந்த வரம்பு 1,024 பைட்டாக உயர்ந்திருக்கிறது.

இனி செலவுப் பட்டியல், மாதிரிப் போட்டிக்கு:

பிரீமியம் சந்தா, 1 மாதம்: 11.99 டாலர், ரூ. 1,019
தேடலில் இடத்தைக் காட்ட, 4 வாரம் × 30: லிண்டன் 120, ரூ. 41
குழு தொடங்க: லிண்டன் 100, ரூ. 34
சுவரொட்டி, பின்னணிப் படம் 12 × 10: லிண்டன் 120, ரூ. 41
கதைப் பரிசு 1,000 + 500 + 250: லிண்டன் 1,750, ரூ. 595
தலைப்புக்கேற்ற உடைக்குப் பரிசு: லிண்டன் 500, ரூ. 170
டிஜே: லிண்டன் 1,000, ரூ. 340
மொத்தம்: ரூ. 2,240

வரவுப் பக்கத்தில் பிரீமியம் உறுப்பினருக்கு வாரம் 300 லிண்டன் டாலர் கைச்செலவுக்குக் கிடைக்கும். நான்கு வாரத்துக்கு 1,200, அதாவது 408 ரூபாய். கழித்தால் 1,832. உண்டியல் வைத்தால் கொஞ்சம் விழும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

விருந்தினர் பக்கம்தான் சுவாரசியம். நாற்பது பேரும் தலைப்புக்கேற்ற ஒரு புது உடை, ஆளுக்கு 250 லிண்டன் டாலரில் வாங்கினால் 10,000 லிண்டன், 3,400 ரூபாய். அமைப்பாளரின் மொத்தச் செலவைவிட ஒன்றரை மடங்கு. உடம்பு, தலை, முடி எல்லாம் முன்பே வாங்கியவை என்று விட்டுவிட்டேன். இலவச உடையில் வருகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் இந்தத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குறைக்காமலே பார்த்தால் அந்த இரவுக்காகச் செலவான 5,640 ரூபாயில் எழுதியவர்களுக்குப் போனது 595. நூற்றுக்குப் பத்தரை ரூபாய்.

அது மோசமா என்றால், வெளியுலகத்து விலையோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019-லிருந்து தொழில்முறைச் சன்மானம் என்று ஏற்கும் குறைந்தபட்சத் தொகை சொல்லுக்கு 8 சென்ட். 500 சொல்லுக்கு 40 டாலர். நம் மாதிரிப் போட்டியின் முதல் பரிசு 4 டாலர், சரியாகப் பத்தில் ஒன்று, அதுவும் ஜெயித்தால்தான். இங்கிலாந்தின் பிரிட்போர்ட் பரிசில் 250 சொல் குறுங்கதைக்கு முதலிடம் 1,000 பவுண்டு, சொல்லுக்கு 4 பவுண்டு. ஆனால் அங்கே நுழைவுக் கட்டணம் கட்டித்தான் போட்டியிட வேண்டும். தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்குக் கொடுப்பதுதான் அந்தப் பணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் பெரும்பாலான போட்டிகளின் கணக்கு அப்படித்தான் நிற்கிறது. மெய்நிகர் விருந்தில் தோற்றவர் கட்டுவது ஒன்றுமில்லை. அவருடைய கதையை நாற்பது பேர் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். அச்சுப் போட்டியில் முதல் சல்லடையிலேயே விழுந்த கதையை எத்தனை பேர் படித்தார்கள்? ஒருவர், பாதி வரை.

மின்சாரத்தையும் எழுதிவிடலாம். தொழில்நுட்ப எழுத்தாளர் நிக்கோலஸ் கார் 2006 டிசம்பரில் போட்ட கணக்கு பிரபலமானது. 4,000 வழங்கிகள், குளிரூட்டலோடு ஒவ்வொன்றும் 250 வாட். எந்த நேரத்திலும் சராசரியாக 12,500 அவதாரங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் 120 வாட் கணினி. ஒரு நாளைக்கு 60,000 யூனிட். ஓர் அவதாரத்துக்கு 4.8 யூனிட், ஆண்டுக்கு 1,752. ஏறக்குறைய ஒரு பிரேசில்காரர் செலவழிக்கும் அளவு என்று எழுதினார், பெரிய சர்ச்சை ஆயிற்று. அந்த விகிதத்தில் மணிக்கு 0.2 யூனிட், நாற்பது பேர், இரண்டு மணி நேரம், 16 யூனிட். ஒரு கதைக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இன்று கணினிகள் சிக்கனமானவை, வழங்கிகளும் 2020-ன் இறுதியோடு அமேசானின் மேகத்துக்குப் போய்விட்டன. அதனால் இது குறைந்திருக்கும். ஆனால் கார் போட்ட 60,000 யூனிட்டில் 36,000, நூற்றுக்கு அறுபது, விருந்தினர் வீட்டு மேசைகளில்தான் எரிந்தது. உடையைப் போலவே கரண்ட் பில்லும் வந்தவர் தலையில்.

இவையெல்லாவற்றையும் விழுங்கும் செலவு நேரம். நாற்பது பேர், இரண்டு மணி, 80 மணி நேரம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர்; அந்த விலைக்கே 580 டாலர், 49,300 ரூபாய். எழுதியவர்கள் வீட்டில் உட்கார்ந்து அடித்துத் திருத்திய நேரம் இதில் சேரவில்லை. இந்தத் தொகையை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. ஆனால் மூன்றாவது கதை சலிப்புத் தட்டும்போது கூட்டம் கலைவது இந்தக் கணக்கால்தான்.

நேரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எல்லாக் கடிகாரமும் கலிஃபோர்னிய நேரம். மாலை 6 மணிக்கு விருந்து என்றால் கோடையில் லண்டனில் பின்னிரவு 2, சென்னையில் மறுநாள் காலை 6:30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7:30. மதியம் 2 மணி என்றால் லண்டனுக்கு இரவு 10, சிட்னிக்குக் காலை 7, நமக்கு அதிகாலை 2:30. நேரில் இருந்தால்தான் பரிசு என்று விதி வைத்தால் பூமியின் ஒரு பகுதி தானாகக் கழிந்துவிடும்.

கடைசியாக ஓட்டு. இருபது எழுத்தாளர், ஆளுக்கு ஒரு நண்பர், அதுதான் நாற்பது. எல்லோரும் தம்மவருக்கே போட்டால் இருபது கதைக்கும் இரண்டிரண்டு ஓட்டு. சமன் உடைய வேண்டுமென்றால் யாராவது இன்னொரு அவதாரத்தில் வர வேண்டும்; புதுக் கணக்கு தொடங்கக் காசில்லை என்பதால் வரவும் செய்வார்கள். ஆகவே ஓட்டை ஆட்டபாட்டத்துக்கு விட்டுவிட்டு, பெயர் மறைத்த கதைகளை வெளி நடுவர் மூவரிடம் கொடுப்பது உத்தமம். பெயரை மறைப்பது லேசில்லை. நோட்கார்டின் பண்புகளைத் திறந்தால் உருவாக்கியவர் பெயர் அங்கேயே நிற்கும். திருத்திச் சேமித்தாலும் போகாது. அமைப்பாளர் உட்கார்ந்து தன் பெயரில் புதுத் தாள் திறந்து இருபது கதைகளையும் நகலெடுத்து ஒட்ட வேண்டும். நடுவர் 10,000 சொல்லை மனதுக்குள் நிமிடத்துக்கு 230 வீதம் படித்தால் முக்கால் மணி. நியாயமாக இரண்டு முறை படித்தால் ஒன்றரை மணி. மூவருக்கும் சேர்த்து நாலரை மணி நேரம். மேலே இருக்கும் பட்டியலில் அவர்களுக்கு ஒரு காசும் இல்லை, டிஜேவுக்கு 1,000 இருக்கிறது.

என்னைக் கேட்டால் உடைப் பரிசு 500-ஐ எடுத்துவிடுவேன். கூட்டம் குறையும் என்பார்கள். குறையட்டும், மூலையில் நிற்பவர்கள் 20 மீட்டருக்குள் வந்துவிடுவார்கள். நடுவருக்கு ஆளுக்கு 150 கொடுத்தால் 450. மீதி 50-க்கு ஒரு வாரத்துக்கு வரி விளம்பரம் கிடைக்கும், அங்கே அதற்குக் குறைந்தபட்சக் கட்டணம் அதுதான்.